கார் நிற்கக் கட்டிய இடம்

எங்கள் ஊரில் கார் நிறுத்துவதற்கென்று முதன்முதலாக ஒரு முகப்பு கட்டியவர் என் அப்பா. எங்களிடம் கார் இல்லை. வாங்குகிற யோசனையும் இல்லை. நாகர்கோவில் போகிற பஸ்ஸில் முன்சீட்டு கிடைத்த நாட்களில் டிரைவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டே போவார். மோட்டாருக்கும் அவருக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். ஆனாலும் முகப்பு எழும்பியது. பருத்த உருளைத் தூண்கள், மேலே தட்டையான தளம், தளத்தின் நெற்றியில் இரண்டு சிங்கங்கள், சிங்கங்களுக்கு நடுவே ஒரு சங்கு. அதற்குப் பெயர் போர்ட்டிகோ என்று கண்ட்ராக்டர் சொல்லிக்கொடுத்தார். அப்பா சாப்பிடும்போதும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொள்வார்.

ஒரு வீட்டை ஏன் கட்டுகிறோம் என்பது கட்டுகிறவனுக்கே மறந்துபோகும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். எங்கள் வீடு கட்டப்பட்டதற்கு ஒரே ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

எங்களுடையது மருமக்கள் வழிக் குடும்பம். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு மனிதன் செத்தால் அவன் சொத்து பெண்டாட்டி பிள்ளைகளுக்குப் போகாது. அவனுடைய அக்காள் தங்கை பிள்ளைகளுக்குப் போகும். காலமெல்லாம் பொங்கிப் போட்டவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு நடக்க வேண்டும். என் அம்மாவின் அக்காளுக்கு, அதாவது என் பெரியம்மைக்கு, அப்படித்தான் நடந்தது. பெரியப்பா செத்துப் பதினாறு கழிந்ததும் கழியாததுமாக அவருடைய மருமகன்மார் அடுக்களைக்குள்ளேயே வந்துவிட்டார்கள். எந்த வெண்கல உருளி குடும்பத்தது, எது அவள் கொண்டுவந்தது என்று கேட்டார்கள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அந்தப் பானையும் குடும்பத்தது என்று தெரிந்ததும், பெரியம்மை உலைத்தண்ணீரை அங்கணத்தில் கொட்டிவிட்டுப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கினாள். அம்மா அன்றைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். அடுப்பில் உலை கிடக்கும்போது யாரும் வந்து 'இறங்கு' என்று சொல்ல முடியாத ஓர் அடுக்களை வேண்டும் என்பது அதன்பிறகு அவளுடைய ஒரே ஆசையாகிவிட்டது. நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. அடுக்களை கேட்டாள்.

பிறகு சட்டம் மாறியது. மனிதர்கள் மாறினார்களா என்பது வேறு விஷயம். குடும்பச் சொத்தைப் பாகம் வைத்தார்கள். பழைய வீடும் அதைச் சுற்றிய தென்னந்தோப்பும் அப்பாவின் தங்கைக்கும், அதாவது என் அத்தைக்கும், அவள் மகனுக்கும் போயின. அப்பாவுக்கு வயலும், பழைய வீட்டுக்குக் கிழக்கே ஒரு மனையும் கிடைத்தன. இரண்டுக்கும் இடையில் எல்லையாக ஒரு பூவரச வரிசை. வரிசைக்கு அந்தப் பக்கம் பழைய கிணறு. இரு வீட்டுக்கும் பொது என்று பாகத்தில் எழுதியிருந்தார்கள். அம்மா அப்பாவிடம் போய்ச் சொன்னாள், "இனி நம்ம மண்ணுல நமக்குன்னு ஒண்ணு கெட்டுங்கோ. சின்னதானாலும் போரும்."

சின்னது என்ற சொல் அப்பாவின் காதில் ஏறவே இல்லை.

ஊரில் நல்ல ஆசாரிமார் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டிருந்தால் ஊரில் உள்ள வீடுகள் மாதிரி ஒரு வீடு கட்டியிருப்பார்கள். அதுதான் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து ஒரு கண்ட்ராக்டரை வரவழைத்தார். அவர் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவைக் கட்டியவர் என்று பேச்சு. பங்களாவைக் கட்டினாரா, பங்களாவின் மதிலைக் கட்டினாரா என்பது கடைசிவரை தெளியவில்லை. வேட்டிக்கு மேலே கோட்டு போட்டிருப்பார். தொப்பி ஒன்று வைத்திருந்தார். அதைத் தலையில் வைத்து நான் பார்த்ததில்லை, எப்போதும் கக்கத்தில்தான் இருக்கும். மடக்கு முழக்கோலைப் பையிலிருந்து எடுத்து விரித்து, எதையும் அளக்காமல் திரும்ப மடக்கி வைப்பார். அப்பா அதையே வாய் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் நீலத்தாளில் வரைந்த பிளானைக் கொண்டுவந்து பழைய வீட்டுக் கூடத்தில் விரித்தார். நாங்கள் அப்போது இன்னும் அங்கேதான் இருந்தோம். அத்தையின் மகனும் வந்து உட்கார்ந்தார். முறைக்கு எனக்கு அத்தான். பி.ஏ. படிக்கத் திருவனந்தபுரம் போய்ப் பாதியில் திரும்பியவர். திரும்பும்போது ஒரு மூக்குக் கண்ணாடி மட்டும் கொண்டுவந்தார். கண்ட்ராக்டர் விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினார். இது போர்ட்டிகோ. இது விசிட்டர்கள் இருக்கிற ஹால். இது ஆபீஸ் அறை. அப்பாவுக்கு ஆபீஸ் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வயலில் நெல் எப்போது அறுப்பது என்று உட்கார்ந்து யோசிக்க ஒரு ஆபீஸ் வேண்டும்போலும்.

"கொள்ளாம்," என்றார் அத்தான். எதைக் காட்டினாலும், நன்றாயிருக்கிறது என்று அவர் அதைத்தான் சொன்னார்.

கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா கேட்டாள், "அடுக்களை எங்க இருக்கு?"

கண்ட்ராக்டர் தாளைப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து, வீட்டின் பின்பக்கம் மிச்சமிருந்த வெற்றிடத்தில் ஒரு சதுரம் போட்டார். "இன்னா இருக்கில்லா மைனி," என்று அதைத் தொட்டுக் காட்டினார். துரைமாரின் பங்களாவில் அடுக்களை தனியாகத் தள்ளி இருக்கும், சமைக்க வேறு ஆள் இருப்பார்கள், ஆகவே பிளானில் அது வராது என்று விளக்கமும் சொன்னார். எங்கள் வீட்டில் சமைக்கிற அந்த வேறு ஆள் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

இனி வருவது அளவுச் சங்கதி. எங்கள் பக்கத்தில் வீட்டின் சுற்றளவு சும்மா வரக்கூடாது. தச்சுக் கணக்கில் அதைப் பெருக்கி வகுத்துப் பார்ப்பார்கள். குழந்தைப் பருவத்தில் வந்தாலும் குமாரம் என்கிற வாலிபப் பருவத்தில் வந்தாலும் நல்லது, மரணத்தில் வந்தால் வீட்டுக்காரனுக்கு ஆகாது. துரை பங்களா கட்டியவருக்கு இதில் நம்பிக்கை இருக்காது என்றுதான் நான் நினைத்தேன். இருந்தது. இரண்டு வண்டியிலும் கால் வைத்திருப்பவர் அவர். அடுக்களையைச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மரணத்தில் போய் நின்றது. போர்ட்டிகோவைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"அதைக் கொறச்சா காரு எப்பிடிவே நிக்கும்?" என்றார்.

எந்தக் கார் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. முன்னால் குறைக்கக் கூடாதென்றால் பின்னால் நீட்ட வேண்டும். பின்னால் நீட்டினால் பூவரச வரிசையைத் தாண்டும். அஸ்திவாரம் தோண்ட வீட்டுக்குக் கயிறு கட்டின அன்று அதுதான் நடந்தது. கண்ட்ராக்டர் நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் நடந்தவர் அத்தான். பூவரசைத் தாண்டினார், இன்னும் நடந்தார், கிணற்றடிக்குப் போய் நின்றார். கண்ட்ராக்டர் மனக்கணக்குப் போட்டு, "செரி, குமாரம் வந்தாச்சு," என்றார். அடுக்களை முழுவதும் அத்தானின் பாகத்தில் கிடந்தது. குமாரமாக.

அம்மா முற்றத்துக்கே வந்துவிட்டாள். நாலு பேர் முன்னால் அப்பாவிடம் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"இஞ்ச பாருங்கோ, அது அவங்க எடமில்லா? அதுல எனக்கு அடுக்களை வேண்டாம்."

"ஏட்டி, நீதானே கெணறு பக்கத்துல வேணும்னு சொன்னே? அடுக்களைக்குள்ள நின்னே தண்ணி கோரலாம், பாத்துக்கோ."

"நம்ம எடத்துல ஒரு கெணறு தோண்டச் சொன்னேன். அவங்க கெணத்துகிட்ட போச் சொல்லல்ல."

அப்பா சிரித்தார். எல்லோரும் கேட்கும்படி சொன்னார், "நாளைக்கு ஒம் மகளை இவனுக்குத்தானே குடுக்கப் போறோம்? அவன் எடம் வேற, நம்ம எடம் வேறயா? பைத்தியக்காரி மாதிரிப் பேசாத."

நான் அங்கேதான் நின்றேன். தாவணி போடத் தொடங்கிய புதுசு. என்னை இவருக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்பது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது, செங்கலுக்கும் சுண்ணாம்புக்கும் நடுவில், ஒரு அளவு பொருந்துவதற்காக. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தானும் பார்க்கவில்லை. அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் விரும்பியதும் இல்லை.

மருமகனுக்குப் பயந்து வீடு கட்டுகிறவன், அந்த வீட்டின் அடுக்களையைக் கொண்டுபோய் மருமகன் நிலத்திலேயே வைப்பான் என்றால் வேறு ஊரில் நம்ப மாட்டார்கள். எங்கள் ஊரில் ஒருவருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை. முறைப்பெண் இருக்கிறாள், முறைமாப்பிள்ளை இருக்கிறான், பிறகு எல்லை எதற்கு என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். எல்லையை விட முறை பெரிது. அம்மா ஒருத்திதான் பூவரசை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வழியில் நின்ற பூவரசுகளை வெட்டிவிட்டு வேலை தொடங்கியது. மணக்குடிக் காயலிலிருந்து சுட்ட சிப்பி வண்டி வண்டியாக வந்தது. சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் கரைத்து ஊற்றி இடித்தார்கள். முற்றம் முழுக்கப் பாகு காய்ச்சுகிற மணமும் எறும்பும். கண்ணேறு படாமலிருக்க ஒரு வைக்கோல் பொம்மை கட்டி மூங்கிலில் நிறுத்தினார்கள். அதற்குக் கண்ட்ராக்டர் தம் பழைய கோட்டைக் கொடுத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ட்ராக்டர் நின்று வேலை வாங்குகிறார் என்று தோன்றும். அவர் அந்த நாட்களில் மார்த்தாண்டத்தில் வேறொருவர் வீட்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். வேலைக்காரர்கள் பொம்மையைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டுக் கள்ளுக்கடைக்குப் போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். உண்மையான கண்ட்ராக்டர் வந்து நிற்கிற நாட்களிலும் அந்தப் பொம்மை செய்ததைவிட அதிகமாக அவர் ஒன்றும் செய்துவிடவில்லை.

போர்ட்டிகோவுக்கு மட்டும் அவர் தவறாமல் வந்தார். தூணுக்குச் சாந்து பூசிப் பூசிப் பருக்கவைத்தார். சிங்கம் செய்வதற்கென்று ஒரு ஆளைக் கூட்டிவந்தார். அந்த ஆள் சிங்கத்தைப் பார்த்ததில்லை, எங்கள் ஊரிலும் யாரும் பார்த்ததில்லை. ஆனால் நாயை எல்லோரும் பார்த்திருந்தார்கள். சாரம் பிரித்த அன்று தெருவே வந்து நின்று அண்ணாந்து பார்த்தது. மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு நாய் வீடு என்று பெயர். அப்பாவுக்கு மட்டும் அது தெரியாது. அவர் பாலராமபுரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தினமும் சாயங்காலம் தெருவின் அந்தக் கோடிக்குப் போய், அங்கிருந்து திரும்பி நடந்து வருவார். தெருவில் வருகிறவன் கண்ணுக்கு வீடு எப்படித் தெரிகிறது என்று பார்க்கத்தான்.

ஒரு வில்வண்டியையாவது போர்ட்டிகோவின் கீழே நிறுத்தலாம் என்று அண்டையில் யாரோ யோசனை சொன்னார்கள். நிறுத்திப் பார்த்தார்கள். தூண் பருத்துப்போனதில் இடைவெளி குறுகி, காளைகள் இரண்டும் உள்ளே போயின, வண்டி போகவில்லை. வண்டிக்காரன் இறங்கி அச்சைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். "அண்ணாச்சி, காரு ஒல்லியால்லா இருக்கும்," என்றார் கண்ட்ராக்டர். அப்பா தலையாட்டினார்.

வைகாசி நடுவில் தொடங்குகிற முதல் இடவப்பாதி மழையிலேயே போர்ட்டிகோத் தளமும் ஓட்டுக் கூரையும் சேருகிற இடத்தில் தண்ணீர் இறங்கியது. ஹாலில் அண்டா வைத்தோம். ஐப்பசியில் மறுபக்கமும் இறங்கியது. எங்கள் பகுதிக்கு இரண்டு மழை. இரண்டும் இரண்டு பக்கத்திலிருந்து அடிக்கும். ஆளனுப்பி விட்டபோது கண்ட்ராக்டர் சொல்லியனுப்பிய பதில், "அங்க மழை கோணலாப் பெய்யுது." மழையைத் திருத்தச் சொல்லி அவர் யாரிடம் போவார், பாவம். விசிட்டர் வந்து உட்கார வேண்டிய ஹாலில் அண்டா உட்கார்ந்திருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் உருப்படியாக இருந்த ஒரே பகுதி அடுக்களைதான். கண்ட்ராக்டர் அதைத் திரும்பியும் பார்க்காததால் கொத்தன்மார் தங்களுக்குத் தெரிந்தபடி கட்டிவிட்டார்கள். புகை போக உயரத்தில் திறப்பு, கிணற்றுப் பக்கம் ஒரு அகன்ற சன்னல், சன்னலுக்கு வெளியே கப்பி. உள்ளே நின்றபடியே அம்மா தண்ணீர் கோரினாள். சிப்பிச் சுண்ணாம்புச் சுவர் காலையில் பால் மாதிரி இருக்கும். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும். பிடித்திருந்ததாலேயே அவள் பயந்துகொண்டிருந்தாள்.

பால் காய்ச்சின அன்று அத்தை தன் வாசல் வழியாகவே பின்பக்கம் வந்து அடுக்களைக்குள் நுழைந்தாள். பால் பொங்கி வழிந்தது. "எங்க எடத்துலல்லா பால் பொங்குது," என்று அத்தை சிரித்தாள். வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும்தான். அம்மா கரண்டியை எடுத்துப் பாலைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

நாங்கள் அந்த வீட்டில் சில வருஷம் இருந்தோம். என் கல்யாணப் பேச்சு மட்டும் நகரவில்லை. அத்தானுக்குத் திருவனந்தபுரத்தில் ஓர் உத்தியோகஸ்தர் வீட்டில் பெண் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அப்பா அதை நம்பவில்லை. "நம்ம பயல்லா," என்பார். பிறகு அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. படுத்தவர் எழும்பவில்லை. அவர் போனபோது நான் அழுதேன், நிறையவே அழுதேன். கெட்ட மனிதர் இல்லை. தெருக்கோடியிலிருந்து பார்த்தே ஒரு வீட்டைக் கட்டிவிட்டுப் போனார் என்பதுதான் என் ஆற்றாமை.

பதினாறு கழிந்தது. அதே பழைய கணக்கு. அத்தான் பின்பக்க வழியாகத்தான் வந்தார், அடுக்களை வாசலுக்கு. அம்மா அடுப்பின் முன்னால் இருந்தாள். உலை வைத்திருந்தாள். நான் அம்மியடியில் இருந்தேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். "மாமி, நான் இடிக்கச் சொல்ல வரல்ல. அம்மைக்குத்தான் மனசு கேக்கல்ல. எடம் எங்க பேர்ல கெடக்கு, வக்கீலும் அதைத்தான் சொல்லுதாரு. அவளை எனக்குத் தந்தாச்சுன்னா ஒரு வம்பும் இல்ல. நீங்க காலம் முழுக்க இதுலயே பொங்கலாம். எறங்குங்கோன்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்."

திருவனந்தபுரத்துச் சம்பந்தம் தட்டிப்போய்விட்டது என்று அப்போதே புரிந்தது. அதைவிடக் கடைசி வார்த்தைதான் என்னைச் சுட்டது. சொல்ல மாட்டேன் என்கிறவன், சொல்ல முடியும் என்றுதானே சொல்கிறான். அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். கோபப்படவில்லை.

"நாளைக்கு வாரும் மருமகப்பிள்ளை," என்றாள். அவர் போனார். இந்தப் பதிலில் சம்மதம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனார் என்பது நடையிலேயே தெரிந்தது.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு இவன் வேணுமா?"

என்னைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. வீடு கட்டினபோது கேட்டிருக்கலாம், கயிறு கட்டினபோது கேட்டிருக்கலாம், யாரும் கேட்கவில்லை.

"வேண்டாம்," என்றேன்.

"செரி," என்றாள். உலையில் அரிசியைப் போட்டாள். சோறு வெந்தது. நாங்கள் சாப்பிட்டோம். பிறகு இரண்டு பேருமாகப் பாத்திரங்களை ஹாலுக்குக் கொண்டுபோய் அடுக்கினோம்.

மறுநாள் காலையில் அத்தான் வந்தபோது, அம்மா சொல்லியனுப்பிய கொத்தன்மார் முன்பே வந்து நின்றிருந்தார்கள். அம்மா ஓர் அளவு நாடாவை எடுத்து நீட்டினாள். கண்ட்ராக்டர் மறந்து விட்டுப்போனது.

"அன்னைக்குப் பிடிச்ச அதே முனையைப் பிடியும் மருமகப்பிள்ளை. ஒம்ம எடம் எது வரைக்கும்னு காட்டும்."

"மாமி, இப்ப எதுக்கு இதெல்லாம்."

"பிடியும்."

பிடித்தார். வேறு வழியில்லை, தெருவில் பாதிப்பேர் பூவரசின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் காட்டின இடத்தில் அம்மா கரித்துண்டால் கோடு இழுத்தாள். பூவரசு நின்ற வரிசைக்கு அது இம்மியும் பிசகவில்லை. அவர் என்றைக்கும் அதை மறக்கவில்லை என்பது தெரிந்தது. பிறகு அம்மா கொத்தன்மாரிடம் சொன்னாள், "கோட்டுக்கு அந்தப் பக்கம் மண்ணு அவங்களுது. கல்லு எங்களுது. ஒரு கல்லு கெடக்கப்பிடாது."

அவர்கள் அதைச் சொன்னபடி செய்தார்கள். ஓடு இறங்கியது, ஓட்டைத் தாங்கிய கழுக்கோல் இறங்கியது, கப்பியும் சன்னலும் வந்தன, பால் மாதிரி இருந்த சுவர் செங்கல் செங்கலாக வந்தது. அஸ்திவாரக் கல்லையும் விடவில்லை. அத்தை தன் வாசலில் நின்று, குடும்பத்துக்கு ஆகாத காரியம் செய்கிறாள், அளவு குறைந்தால் வீடு மரணத்துக்கு வரும் என்று சத்தம் போட்டாள். அம்மா நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள், "குமாரத்துல கெட்டித்தானே கெட்டினவரு போனாரு." அத்தானுக்குத் தம் நிலம் முழுசாகத் திரும்பக் கிடைத்தது, பள்ளமாக. மழை வந்ததும் அதில் தவளை கத்தியது.

அடுக்களைக்குப் போன பின்வாசலை அம்மா சுவர் வைத்து அடைத்தாள். கிணறு பொதுதான், சட்டப்படி போய்த் தண்ணீர் எடுக்கலாம், அவள் போகவில்லை. அடுப்பை எங்கே போடுவது என்று எல்லோரும் கேட்டார்கள். ஹாலில் ஒழுகும். அறைகளில் புகை போக வழியில்லை. துரைமார் மாதிரிக் கட்டின வீட்டில் அடுப்பெரிக்கத் தோதான இடம் ஒன்றுதான் இருந்தது. மூன்று பக்கம் திறந்து, மேலே தளத்தோடு, நல்ல காற்றோட்டமாக, வீட்டுக்கு முன்னால். அம்மா இரண்டு தூணுக்கும் நடுவே அரைச்சுவர் எழுப்பி, அங்கேயே அடுப்பைப் போட்டாள். கார் வரவேண்டிய வழியில், தெருவைப் பார்த்து, ஒரு கிணறு வெட்டினாள். அடுக்களைச் செங்கலால்தான் கிணற்றுக்கு உறை கட்டினாள். பழைய கப்பியைத் தொங்கவிட்டாள்.

ஊர் சிரித்தது. முன்வாசலில் அடுக்களையும் கிணறும் வைத்த வீட்டை யாரும் கண்டதில்லை. வீட்டுக்கு வருகிறவன் கும்பிடுவதற்கு முன்னால் குழம்பு என்னவென்று தெரிந்துகொள்ளலாம் என்றார்கள். எனக்கும் முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு வெட்கம் போய்விட்டது. யார் யார் சிரித்தார்களோ அவர்கள் வீட்டு அடுக்களை எல்லாம் யார் பேரில் இருக்கிறது என்று நான் யோசித்துப் பார்ப்பேன்.

கண்ட்ராக்டர் ஒரு தடவை திரும்பி வந்தார். கோட்டாற்றில் கடை வைத்திருந்த ஒரு வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வாடகைக் காரில் வந்திறங்கினார். புதுசாக வீடு கட்ட நினைக்கிறவர். தாம் கட்டின போர்ட்டிகோவைக் காட்டத்தான் கூட்டிவந்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கார் அது. கிணற்றுக்கு இப்பால் வர முடியாமல் தெருவிலேயே நின்றது.

சிங்கங்கள் இரண்டும் புகையில் கறுத்து, இப்போது நாய் மாதிரியும் இல்லை. சங்கின் மேல் ஒட்டடை. கீழே அம்மா மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். கண்ட்ராக்டர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிணற்றைச் சுற்றி அடுப்பருகே வந்தார்.

"மைனி, இது காரு நிக்க வேண்டிய எடமில்லா?"

அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. வியாபாரியைப் பார்த்துக் கேட்டாள், "நீங்க வீடு கெட்டப் போறேளா?"

"ஆமா, நெனச்சிருக்கேன்."

"வீட்டுல ஆள் இருக்கா?"

"இருக்கு. அவதான் கெட்டச் சொல்லுதா."

"அப்ப அவகிட்ட மொதல்ல கேளுங்கோ, அடுக்களை எங்க வேணும்னு. அதைக் கெட்டி முடிச்சு எடம் மிச்சம் கெடந்தா இவரைக் கூப்பிடுங்கோ."

வியாபாரி நல்ல மனிதர். சிரிக்கவில்லை. கிணற்றடியில் கால் கழுவிவிட்டு, சோறு உண்டா என்று கேட்டு, தூணடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். கண்ட்ராக்டர் அதுவரை காரில் போய் உட்கார்ந்திருந்தார்.

என்னை அம்மா வேறு ஊரில், சொத்து பிள்ளைகளுக்கே போகிற மக்கள் வழிக் குடும்பத்தில், கட்டிக்கொடுத்தாள். அத்தான் பிறகு எங்கோ ஒரு கல்யாணம் செய்துகொண்டார். அவர் அடுக்களை யார் பேரில் இருந்தது என்று நான் விசாரிக்கவில்லை. அம்மா சாகும்வரை அந்தப் போர்ட்டிகோவில்தான் பொங்கினாள். நான் போகும்போதெல்லாம் தெருமுனையிலேயே புகை தெரியும். அப்பா நின்று நின்று வீட்டைப் பார்த்த அதே இடம். உலை கொதிக்கும்போது அவள் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தெருவை ஒரு தடவை பார்ப்பாள். யாரும் வரமாட்டார்கள். பிறகு அரிசியைப் போடுவாள்.